‘சி’ என்ற எழுத்தில் ஒரு மாவட்டம்

கனிமங்களின் கடினத்தை ஒப்பிட 1812இல் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் பத்துப் படிகள் வைத்தார். நகத்தால் கீறினாலே பொடியாகும் டால்க் முதற்படி. வைரம் பத்தாம் படி. ஒன்பதாம் படியில் நிற்பது கொரண்டம். மாணிக்கமும் நீலக்கல்லும் இந்த ஒரே கனிமத்தின் இரு நிறங்கள்தாம். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த படிகத்துக்குள் சிறிதளவு குரோமியம் புகுந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் புகுந்தால் நீலம். எதுவும் புகாவிட்டால் நிறமே இல்லை. இலங்கையின் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, அம்பன் கங்கை மலையை விட்டு இறங்கும் எலஹெரப் பக்கத்தில், குழி வெட்டிச் சரளை மண்ணைக் கூடையில் அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றி ஆட்கள் தேடுவது இந்தக் கல்லையும் இதன் உறவுக் கற்களையும்தான்.

கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது. நம்மிடம் அது குருந்தம். பழைய வடிவம் குருவிந்தம், சமஸ்கிருதத்திலும் குருவிந்த. சேலம், நாமக்கல் பக்கத்துக் குருந்தம் நகைக்குரிய கல் அல்ல. அதைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்தார்கள். ஐரோப்பியர் கண்ணில் பட்டதும் அந்த மங்கலான உழைப்புக் கல்தான். 1720களில் வெளிவந்த ஜான் உட்வர்டின் கனிமப் பட்டியலில் ‘கொரிவிண்டம்’ என்ற வடிவம் வருகிறது. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் இலண்டன் றோயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது ‘கொரண்டம்’ என்றே பெயரிட்டார். அதன்பின் அறிவியலுக்கு அதுவே பெயராயிற்று.

இந்தச் சொல்லின் வாலைக் கவனிக்க வேண்டும். மியூசியம், சோடியம், பொட்டாசியம் என்று ‘அம்’ ஒலியில் முடியும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் இலத்தீன் வால் கொண்டவை. கொரண்டமும் அப்படித்தான் தோன்றும். பல கனிமவியல் மாணவர்கள் அதை இலத்தீன் என்றே நம்பிப் படித்து முடிக்கிறார்கள். ஆனால் அந்த ‘அம்’ மரம், குளம், பழம் என்பவற்றில் உள்ள நம் ‘அம்’. சொல்லின் உருவத்தை மட்டும் பார்த்துப் பிறப்பைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கில அகராதியின் ‘சி’ பகுதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாத்தளை மாவட்டத்தைச் சுற்றி வந்தால் இந்த எச்சரிக்கை அடிக்கடி தேவைப்படும்.

ஏன் ‘சி’? தமிழில் சொல்லின் முதலில் வரும் ககரம் எப்போதும் வல்லொலி. ‘ஹ’வாகவோ மெலிந்த ஒலியாகவோ அது தளராது. 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1505இல் இலங்கைக்கும் வந்த போர்த்துக்கேயர் இந்த ஒலியைத் தம் எழுத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. இலத்தீனின் பிள்ளையான அவர்கள் மொழியில் ‘கே’ எழுத்துக்கு வேலையே இல்லை. அ, ஒ, உ ஒலிகளுக்கு முன் ககரத்தை ‘சி’யால் எழுதுவதே அவர்கள் முறை. கறி, கயிறு, கொப்பரை, கஞ்சி, காசு எல்லாம் அந்த எழுத்தில் ஏறிக்கொண்டன. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆங்கிலேயர், பொருளோடு எழுத்துக்கூட்டலையும் போர்த்துக்கேயரிடமிருந்தே வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நேராகவே நம் காதிலிருந்து கேட்டு எழுதிய சொற்களில்தான் ‘கே’ தலைகாட்டுகிறது. கங்காணி அப்படிப்பட்டது. ஆகவே ஒரு சொல் ‘சி’யில் நிற்கிறதா ‘கே’யில் நிற்கிறதா என்பதே அது எந்தக் காலத்தில், யார் கை வழியே போனது என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும். சட்டம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது, துப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே சொல் இரண்டு எழுத்திலும் நிற்பதும் உண்டு. மாத்தளையில் ஒருவர் ‘கச்சேரிக்குப் போயிட்டு வாறன்’ என்றால் அவர் பாட்டுக் கேட்கப் போகவில்லை. காணி உறுதியோ, ஓய்வூதியமோ, ஏதோ ஒரு கையெழுத்துக்காக மாவட்டச் செயலகத்துக்குப் போகிறார். அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருள் கொண்ட வட இந்தியச் சொல் இது. சென்னை ஆங்கிலேயர் அதை ‘சி’யில் தொடங்கி ‘கட்சரி’ போல எழுதினார்கள். இலங்கை ஆங்கிலத்தில் ‘கே’யில் தொடங்கும் ‘கச்சேரி’ நிலைத்தது. தமிழ்நாட்டில் அலுவலகம் மறைந்து சங்கீதம் மட்டும் எஞ்சியது. இலங்கையில் பழைய பொருள் இன்னும் பேச்சில் வாழ்கிறது.

சொற்பிறப்பியல் ஓர் அறிவியல் என்று நான் சொல்வதன் காரணம் அது சாட்சி கேட்கிறது என்பதே. சொல் முதலில் எழுத்தில் பதிவான ஆண்டு எது? அதற்கு முன் யாரிடம் இருந்தது? போன வழி எது? ஒலி மாறியது மற்றச் சொற்களில் மாறிய அதே முறையிலா? பொருள் ஏன் நகர்ந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எழுத்துப் பதிவுக்கு முன்பே சொல் நெடுங்காலம் வாயில் வாழ்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மாத்தளை நகருக்கு வடக்கே இருக்கும் அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள் என்பது பௌத்த மரபு; அதற்கு முன் பல தலைமுறை அது மனனத்திலேயே வந்தது. சொற்களுக்கும் அப்படி ஒரு ஏடேறாக் காலம் உண்டு.

சாட்சி இல்லாமல் ஒலி ஒப்புமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபராம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலத்திலும் அதே பெயர். மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் அதை ஆராய்ந்தபோது, அந்த மொழியின் அண்டை மொழிகளில் உள்ள வேறு வடிவத்திலிருந்து முறையான ஒலி மாற்றங்களால் அது வந்தது என்று தெரிந்தது. ஆங்கிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு மொழி பயன்படுத்தும் மெய்யொலிகள் பெரும்பாலும் சில பத்துத்தான். சொற்களோ ஒவ்வொரு மொழியிலும் ஆயிரக்கணக்கில். தற்செயல் ஒற்றுமை நிகழாமலிருந்தால்தான் வியப்பு.

மாத்தளையிலேயே அழகான ஒரு பொறி இருக்கிறது. கறுவாவுக்குச் சிங்களத்தில் ‘குருந்து’. தமிழ்க் கல் குருந்தம். இரண்டும் ஒரே மாவட்டத்து விளைபொருள். ஆங்கிலத்தில் இரண்டும் ‘சி’யில் தொடங்குகின்றன. யாராவது ஒருவர் இவற்றை முடிச்சுப் போட்டு ஒரு கதை கட்டிவிட்டால் கேட்பவர் மயங்கிப்போவார். ஆனால் ஆங்கிலத்துச் ‘சினமன்’ குருந்திலிருந்து வரவில்லை. அது கிரேக்கம் வழி வந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், இந்தப் பெயரைக் கிரேக்கர் பொனீசியரிடம் கற்றனர் என்று எழுதியிருக்கிறார். எபிரேயத்திலும் கிட்டத்தட்ட அதே வடிவம் உண்டு. அதற்கும் முன்னால் மலாய்ப் பக்கம் போகிறதா என்று ஆய்வாளர் சிலர் தேடியிருக்கிறார்கள், உறுதிப்படவில்லை. தாவரவியலில் இந்த மரம் நெடுநாள் ‘சின்னமோமம் சைலானிக்கம்’ என்று இலங்கையின் பெயரைத் தாங்கியிருந்தது. இன்று ‘சின்னமோமம் வீரம்’, அதாவது உண்மைக் கறுவா.

காசு விவகாரம் இதைவிடக் கடினம், ஏனெனில் இதில் நம் பெருமை கலந்திருக்கிறது. ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் பணம் என்ற ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் இத்தாலியக் ‘கஸ்ஸா’, பிரெஞ்சுக் ‘கெஸ்’ வழியில் வந்தது. பணப் பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவந்தது. கேஷியரும் அந்தக் குடும்பம்தான். மற்றக் ‘கேஷ்’ ஒரு சிறு நாணயம். அதுதான் நம் காசு. போர்த்துக்கேயர் அதைத் தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த பெட்டியின் பெயரான ‘கய்ஷா’வோடு குழப்பி எழுதினார்கள், ஆங்கிலேயர் அந்த எழுத்தைப் பின்பற்றினார்கள். சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சீனத்தின் நடுவில் துளையிட்ட செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இதே பெயரை வைத்தார்கள். ஒரு தமிழ்ச்சொல் சீன நாணயவியலில் உட்கார்ந்திருக்கிறது என்பது உண்மையான பெருமை. அது போதும், பெட்டியையும் சேர்த்து உரிமை கோர வேண்டியதில்லை.

கறியும் இரண்டு. சங்க இலக்கியத்தில் கறி என்றால் மிளகு. இன்று இறத்தோட்டையிலும் உக்குவளையிலும் கிளிரிசிடியா மரங்களைப் பற்றி ஏறும் அதே கொடி. பிறகு அது தாளித்த தொடுகறியாகி, தமிழ்நாட்டில் பல இடங்களில் இறைச்சியாகவும் சுருங்கியது. போர்த்துக்கேயர் வாயில் ‘கரில்’. டச்சுப் பயணி லின்ஷோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது சொல்லும் ஆங்கிலத்துக்குள் வந்தது. கண்டி அரசில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்து தப்பிய றொபட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் வெளிவந்த நூலிலும் இது இருக்கிறது. அவர் அதைப் போர்த்துக்கேயச் சொல் என்றே கருதினார். கேட்ட வாயைத்தான் அவருக்குத் தெரியும், பிறந்த வாயை அல்ல. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை இன்று எழுதும்போது முதல் உயிராக ‘யு’ நிற்கிறது. நம் குறில் அகரத்துக்கு ஆங்கிலக் காது கொடுத்த எழுத்து அது. இந்தத் துப்பும் பின்னால் உதவும்.

மற்றக் ‘கறி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல். குதிரையைச் சீவித் தேய்த்து அழகுபடுத்துவது. ஒருவரைக் குளிரவைத்துக் காரியம் சாதிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கறி ஃபேவர்’ என்பார்கள். அங்கே குழம்பு இல்லை, இருப்பது ஃபோவெல் என்ற குதிரை. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் பெரிய மனிதரெல்லாம் வந்து அந்தக் கள்ளக் குதிரையைத் தேய்த்துவிடுவார்கள். குதிரையின் பெயர் மறந்தபின் மக்கள் அதைத் தமக்குத் தெரிந்த ‘ஃபேவர்’ ஆக்கிக்கொண்டார்கள்.

‘கேண்டி’யோ மூன்று. மாத்தளைக்குத் தெற்கே உள்ள கண்டி நகரைப் பழைய ஆங்கில நூல்கள் ‘சி’ போட்டே எழுதின. மலை என்ற சிங்களச் சொல் ‘கந்த’. மலைநாட்டு அரசின் பெயரில் இருந்த அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயர் தலைநகரின் பெயராக்கிவிட்டார்கள். சிங்களவர் அந்நகரை இன்றும் மகாநுவர என்கிறார்கள். இரண்டாவது, ஒரு நிறை. தமிழிலும் கண்டிதான், சென்னையில் அது 500 இறாத்தல். மூன்றாவது, மிட்டாய். பாரசீகத்தில் ‘கந்த்’, அரபியில் ‘கந்தி’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு. அதன் மூலம் துண்டு என்று பொருள்படும் சமஸ்கிருதக் ‘கண்ட’ என்பது பொதுக் கருத்து. கற்கண்டில் உள்ள ‘கண்டு’ போன்ற திராவிடச் சொல்லே மூலமாகலாம் என்று சொல்வோரும் உண்டு. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்குத் திராவிடப் பக்கம் ஆசை உண்டு. ஆசை சாட்சி ஆகாது.

ஏலத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலக் ‘கார்டமம்’ முழுக்கக் கிரேக்கம். காரமான ஒரு கீரையின் பெயரையும் ஒரு வாசனைப் பொருளின் பெயரையும் ஒட்டவைத்த சொல். ஏலச்செடியைக் கண்ணால் காணாதவர்கள் வைத்த பெயர். ஆனால் அறிவியற் பெயரின் முற்பாதியைப் பாருங்கள்: ‘எலெட்டாரியா’. மலையாளக் கரையில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் அந்நாட்டு வைத்தியர் சொன்ன ‘ஏலத்தரி’யை அப்படியே எழுதினார். 1811இல் வில்லியம் மேட்டன் அதைப் பேரினப் பெயராக்கினார். இலங்கைக் காடுகளில் தானாக வளரும் காட்டேலத்துக்கு ‘எலெட்டாரியா என்சால்’ என்று பெயர். என்சால் என்பது ஏலத்துக்குச் சிங்களச் சொல். கிரேக்கம் ஒரு எழுத்தும் இல்லாமல், தென்னாட்டுச் சொல்லும் சிங்களச் சொல்லும் மட்டும் சேர்ந்து நிற்கும் அறிவியற் பெயர்.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் பயிரிட்ட ஏலம் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே வளரும் கன்றுகளையும் செடிகளையும் வெட்டி அந்த இடத்தில் ஏலம் நட்டார்கள். தூரத்தில் பார்த்தால் காடு அப்படியே இருக்கும். ஆனால் விழும் மரத்தின் இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை மரம் இல்லை. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டபின் உயர்பகுதிகளில் ஏலச் செய்கைக்கு இடமில்லை. 2010இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

கராம்பை விரைவாகச் சொல்லிவிடலாம். வாசனைக் ‘குளோவ்’ இலத்தீன் ஆணி. மொட்டின் உருவம் அப்படி. பூண்டுப் பல்லைக் குறிக்கும் ‘குளோவ்’ பிளவு என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழி. சமையலறையில் அருகருகே இருந்தும் இரண்டும் உறவில்லை. கொக்கோவில் நேர்ந்தது பிழை. மெக்சிக்கோவின் நவாட்டில் மொழியில் ‘ககவாட்டில்’, ஸ்பானியத்தில் ‘ககாவோ’. தேங்காயைக் குறித்த போர்த்துக்கேயக் ‘கோக்கோ’வோடு ஆங்கிலேயர் இதைக் குழப்பினார்கள். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் இரண்டும் ஒரே பதிவில் கலந்துபோக, குழப்பம் நிலைபெற்றது. அமெரிக்க மரமும் நம் தென்னையும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒன்றின் உடையில் ஒன்று நிற்கின்றன.

மாத்தளைச் சரிவுகளில் கொக்கோ பரவியது கோப்பியின் சாவுக்குப் பின். இலங்கைத் தமிழர் ‘கோப்பி’ என்கிறோம், தமிழ்நாட்டார் ‘காப்பி’ என்கிறார்கள். நம் வடிவம் ஒல்லாந்தரின் ‘கொஃபி’க்கு அருகில் நிற்கிறது; தமிழில் இல்லாத உதட்டொலி பகரமாகியிருக்கிறது. மூலம் அரபியின் ‘கஹ்வா’, துருக்கியின் ‘கஹ்வே’. 1869இல் இலங்கைக் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடியாகத் தோன்றிய பூஞ்சணத்துக்கு ‘ஹெமிலீயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். இரண்டாம் பாதிக்குப் பாழாக்குபவள் என்று பொருள். அடுத்த இருபதாண்டுக்குள் அந்தப் பெயர் பலித்தது.

அந்தக் கோப்பிக்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடே, தம்புள்ளை கடந்து, மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களை எண்ணியவர் இல்லை. பிழைத்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பதிவேடுகள் வைத்த பெயரும் ‘சி’யில் தொடங்குகிறது: கூலி. இதன் பிறப்பிலும் வழக்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டுக் குஜராத்தில் போர்த்துக்கேயர் கண்ட கோலி என்ற மக்களின் பெயர் என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலி என்பது இன்னொரு கட்சி. குஜராத்தில் தொடங்கிய சொல்லைத் தென்னாட்டுக் கூலி இறுக்கிப் பொருள் கொடுத்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள் என்போம். ஆங்கிலம் ஊதியத்தின் பெயரை எடுத்து மனிதருக்குச் சூட்டியது. பிறகு அது கடல் கடந்து, மொரீசியசிலும் நேத்தாலிலும் பீஜியிலும் கரீபியத் தீவுகளிலும் வசைச்சொல்லாயிற்று. இன்று அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது பல நாடுகளில் அவமதிப்பு.

ஊதியத்தைப் பற்றிய கணக்கில் இன்னும் மூன்று ‘சி’ சொற்கள் உள்ளன. மலைக் குளிருக்குத் தோட்டம் கம்பளி கொடுக்கும். அதன் விலை ஆளின் கடனில் ஏறும். தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்தில் அது ‘கம்ப்ளி’, ‘சி’க்குப் பின் நம் குறில் அகரத்துக்குரிய அதே ‘யு’. கணக்கு எழுதியவர் கணக்கப்பிள்ளை. போர்த்துக்கேயப் பாதிரிமார் 16ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளிப்புக் கரையில் கேட்டு எழுதிய இந்தப் பெயர், சென்னை ஆங்கிலத்தில் ‘கோனிகோபலி’ என்று அடையாளம் தெரியாத உருவெடுத்தது. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதைக் காணலாம். அந்தப் பெயரை இன்று ஆங்கிலேயர் எவரும் வழங்குவதில்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை மட்டும் இருக்கிறார்.

மூன்றாவது அவர் கையிலுள்ள ஏடு, செக்ரோல். இது எதிர்த்திசையில், ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. இதிலுள்ள ‘செக்’ சதுரங்கத்துச் ‘செக்’தான். அரசன் என்ற பாரசீகச் ‘ஷா’ அரபிக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய், அரசனுக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் குரலாகி, பிறகு தடுத்தல், சரிபார்த்தல் என்று பொருள் நகர்ந்து வந்தது. அந்த ஏட்டில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒருவருக்கு விழுவதைத் தோட்டத்தில் ‘பேர்’ என்கிறார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’.